நாயும் நாமும்: சில தவறான எண்ணங்கள்

காவிரி இரு கிளையாகப் பிரிந்து, மீண்டும் ஒன்று கூடுவதற்கு முன் அணைத்து வைத்திருக்கும் தீவு ஸ்ரீரங்கப்பட்டணம். மைசூருக்கு ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவில், இன்றைய மண்டியா மாவட்டத்தில் உள்ளது. இதனை ஆதிரங்கம் என்றும், சிவசமுத்திரத்தை மத்தியரங்கம் என்றும், நம் திருவரங்கத்தை அந்தியரங்கம் என்றும் வழங்குவது மரபு. ஆதலால் தமிழ் யாத்திரிகர்களுக்கு இவ்வூர் புதியதன்று. அருகே காவிரி மேற்கு நோக்கித் திரும்பும் பச்சிமவாகினியில் நீத்தார் கடன் செய்ய வருவோரும் பலர்.

அத்தகைய படித்துறைகளில் காக்கையோடு நாய்களும் சோற்றுக்குக் காத்திருக்கும். அவற்றைக் கண்டதும் வந்தவருள் ஒருவர் குனிந்து கல்லெடுப்பார். மற்றொருவர், "பைரவர்" என்று சொல்லிப் புளியோதரை உருண்டை ஒன்றை நீட்டுவார். முன்னவர் பகை, பின்னவர் பக்தர். ஆயினும் அந்தப் பிராணியின் இயல்பை இருவருமே அறிந்தவரல்லர். கல்லுக்கும் புளியோதரைக்கும் இடையே, நாயைப் பற்றி உண்மையாக நாம் அறிய வேண்டியவை சில உள்ளன. அவற்றுள் ஒன்றிரண்டு உயிர் காப்பவை.

இதே மண்டியா மாவட்டத்து மத்தூர் வட்டத்தில் ஆதகூர் என்றோர் ஊர் உண்டு. அங்குக் கிடைத்த கல்வெட்டு ஒன்று நமக்கும் உறவுடையது. கி.பி. 949-ஆம் ஆண்டையொட்டித் தக்கோலத்தில் நடந்த பெரும் போரில் சோழ இளவரசன் இராசாதித்தன் மாண்டான். இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனின் பக்கம் நின்று அவனை வீழ்த்தியவன் கங்க அரசன் பூதுகன். அப்போரில் பூதுகனுக்காக வாளெடுத்த மணலேரன் என்னும் வீரனிடம், "வேண்டுவது கேள்" என்றபோது, அவன் ஊர் கேட்கவில்லை, பொன் கேட்கவில்லை. காளி என்னும் வேட்டை நாயைக் கேட்டான். பின்னர் ஒருநாள் அந்த நாய் ஒரு காட்டுப் பன்றியோடு பொருதது. பன்றியும் மாண்டது, நாயும் மாண்டது. காளிக்குக் கல் நாட்டி, அதன் வழிபாட்டுக்கு நிலமும் விட்டார்கள். நாயும் பன்றியும் மோதும் சிற்பத்தோடு அக்கல் இப்போது பெங்களூர் அரசு அருங்காட்சியகத்தில் நிற்கிறது. தமிழ்நாட்டிலும் இதற்கு மூத்த ஒன்று உண்டு. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில், பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்து நடுகல், தலைவன் இறந்த பின்னும் கள்ளரைக் கடித்துக் காவல் நின்ற கோவிவன் என்னும் நாயின் பெயரைச் சொல்கிறது. பெற்ற பிள்ளையை வைய "நாயே" என்கிற அதே சமுதாயம், நாய்க்குப் பெயர் பொறித்துக் கல்லும் நட்டிருக்கிறது.

இனி நம் காலத்துக்கு வருவோம். "குரைக்கிற நாய் கடிக்காது" என்பது நம் பழமொழி. வாய்ச்சொல் வீரரைப் பற்றிச் சொன்னதாகக் கொண்டால் அழகான பழமொழிதான். நாயைப் பற்றிய பாடமாகக் கொண்டால் ஆபத்து. குரைப்பது நாயின் எச்சரிக்கை. "அதற்கு மேல் வராதே" என்று அது சொல்கிறது. கேட்காமல் மேலும் நடப்பவரை அது கடிக்கவும் கூடும். உறுமுவது அதனினும் தெளிவான எச்சரிக்கை. சிலர் தம் வீட்டு நாய் உறுமினால் அடித்து அடக்கி விடுகிறார்கள். அடிபட்ட நாய் உறுமுவதை விட்டுவிடும். உறுமத் தூண்டிய அச்சத்தை விடாது. பிறகு ஒருநாள் அது முன்னறிவிப்பின்றிக் கடிக்கும்போது, "இவ்வளவு நாள் சாதுவாக இருந்ததே" என்று வீட்டார் வியப்பார்கள். எச்சரிக்கை மணியை உடைத்தவர்கள் அவர்களே.

வாலாட்டும் நாய் அன்பானது என்பதும் அரை உண்மையே. உடல் முழுதும் தளர்ந்து, இடுப்பும் சேர்ந்து அசைய ஆடும் வால் வரவேற்பு. உடல் மரம்போல் விறைத்திருக்க, உயர்த்திய வால் நுனி மட்டும் விரைந்து துடித்தால் அது வரவேற்பன்று. 2007-இல் இத்தாலிய அறிஞர்கள் வெளியிட்ட ஆய்வொன்று இதனினும் நுட்பமானது. தன் எசமானரைக் கண்ட நாயின் வால் அதன் வலப்புறமாகச் சற்று மிகுதியாகச் சாய்ந்து ஆடியது. முன்பின் அறியாத பெரிய நாயைக் கண்டபோது இடப்புறமாகச் சாய்ந்தது. இதைத் தெருவில் நின்று அளந்து பார்க்க எவருக்கும் பொறுமை இராது. ஆனால் வாலை மட்டும் பாராமல் உடல் முழுவதையும் பார்க்கும் பழக்கம் எளிது. உறக்கமில்லாத நேரத்துக் கொட்டாவி, உணவில்லாத நேரத்தில் நாவால் மூக்கை நக்குதல், காதைப் பின்னே ஒட்ட வைத்தல், தலையைத் திருப்பிக்கொண்டு விழியின் வெண்மை தெரியக் கடைக்கண்ணால் நோக்குதல் ஆகிய இவை யாவும் "எனக்கு அச்சமாக இருக்கிறது" என்பதன் குறிகள். நாய்க்கடிகளுள் பல, கொடுமையால் விளைவன அல்ல, அச்சத்தால் விளைவன.

குழந்தைகளுக்கு இது தெரியாது. உறங்கும் நாய்மேல் விழுவார்கள்; உண்ணும் நாயின் தட்டில் கை வைப்பார்கள்; கழுத்தைக் கட்டிக்கொண்டு முகத்தோடு முகம் வைப்பார்கள். நமக்குத் தழுவுதல் அன்பு. நாய்க்கோ, பல வேளைகளில், அது பிடிபடுவது. உலக சுகாதார நிறுவனம் தரும் கணக்கின்படி, வெறிநோய் ஐயமுள்ள விலங்குகளால் கடிபடுவோரில் 100-க்கு 40 பேர் 15 வயதுக்குட்பட்டவர்கள். குழந்தையின் முகமும் நாயின் வாயும் ஒரே உயரத்தில் இருப்பதையும் இதனோடு சேர்த்து எண்ணிப் பார்க்கவேண்டும்.

தெரு நாய் எதிர்ப்பட்டால் என்ன செய்வது? ஓடக்கூடாது. ஓடுவதைத் துரத்துவது அதன் பிறவிக் குணம். கைகளை உடலோடு ஒட்டி நின்று, கண்ணுக்குக் கண் உற்றுப் பாராமல், மெல்லப் பின்வாங்க வேண்டும். இருசக்கர வண்டியில் செல்வோர் வேகத்தைக் கூட்டுவதே வழக்கம். குறைத்தால் பெரும்பாலான நாய்கள் துரத்துவதையும் விட்டுவிடும். விழுந்து எலும்பு முறியும் ஆபத்தும் குறையும். நம் நாட்டுத் தெரு நாய்கள் பெரும்பாலும் மழைக்காலத்தின் பிற்பகுதியில் இணைசேர்ந்து, ஏறத்தாழ 63 நாள் சுமந்து, குளிர்காலத்தில் ஈனுகின்றன. குட்டி போட்ட தாய்க்கு அந்தச் சில வாரங்கள் உலகமே பகை. வழக்கமான சந்தாயினும் அப்போது சுற்றிப் போவதே அறிவுடைமை. ஒரு காதின் நுனி வெட்டுப்பட்டிருக்கும் நாயைக் கண்டால், அது கருத்தடை செய்யப்பட்டு, அந்நாளில் வெறிநோய்த் தடுப்பூசியும் பெற்றது என்று பொருள். அதற்கான விதிகள் 2001-இல் பிறந்து 2023-இல் புதுக்கப்பட்டவை. ஆனால் ஊசியின் காப்பு ஆயுள் முழுதும் நீடிப்பதன்று. ஆகவே அந்த வெட்டுக் காதை நம்பி, கடிபட்டும் வாளாவிருத்தல் கூடாது.

நாயை அடித்துத்தான் வளர்க்கவேண்டும், இல்லையேல் அது நம்மை ஆளத் தொடங்கிவிடும் என்று படித்தவர்களும் சொல்லக் கேட்கிறோம். இக்கருத்துக்கு ஒரு வரலாறு உண்டு. ருடால்ப் ஷென்கெல் என்னும் சுவிட்சர்லாந்து அறிஞர் பாசெல் நகர விலங்குக் காட்சிச் சாலையில் அடைபட்ட ஓநாய்களைப் பார்த்து, அவை தலைமைக்காகப் போரிடுவதை 1947-இல் எழுதினார். டேவிட் மெக் என்ற அமெரிக்கர் 1970-இல் வெளியிட்ட நூலால் அது உலகெங்கும் பரவியது. பின்னர் மெக், காட்டில் சுதந்திரமாகத் திரியும் ஓநாய்களைப் பல்லாண்டுகள் கண்டு, அங்குக் கூட்டம் என்பது தாயும் தந்தையும் பிள்ளைகளும் கொண்ட குடும்பமே என்று 1999-இல் எழுதித் தம் பழைய கருத்தைத் தாமே திருத்தினார். சிறைக்கூடத்தைப் பார்த்து ஊர் வழக்கத்தை எழுதியது போலாகிவிட்டது முன்னையது. ஆசிரியர் திருத்திக்கொண்டார், அவரைப் படித்தவர்களிடம் மட்டும் பழைய பாடம் இன்னும் நடக்கிறது. நற்செயலுக்கு உடனே ஒரு துண்டு உணவும் ஓர் இன்சொல்லும் தருவதால் நாய் கற்பதைப் போல், பிரம்பால் கற்பதில்லை.

இன்சொல் என்றோம். எந்த மொழியில்? வெளி மாநிலங்களில் குடியேறிய நம்மவர்க்கு இது வேடிக்கையான கேள்வியன்று. சென்னையிலிருந்தோ மதுரையிலிருந்தோ நாயையும் உடனழைத்துக்கொண்டு புனேவுக்கோ தில்லிக்கோ மாற்றலாகிச் செல்பவர்கள், "இதற்குத் தமிழ்தானே தெரியும்" என்று கவலைப்படுவதுண்டு. லாரா குவாயா என்ற பெண் அறிஞர் மெக்சிகோவிலிருந்து அங்கேரியின் புடாபெஸ்டு நகருக்குக் குடிபெயர்ந்தபோது, குன்குன் என்னும் தம் நாயையும் கொண்டு சென்றார். அதுவரை ஸ்பானிய மொழியே கேட்டு வளர்ந்த நாய், சுற்றிலும் வேறு மொழி பேசப்படுவதை உணர்கிறதா என்ற ஐயம் அவருக்கு எழுந்தது. நாய்களை மூளையைப் படமெடுக்கும் கருவியில் அசையாமல் படுக்கப் பழக்கி, இரு மொழிகளிலும் ஒரே கதையைப் படித்துக் காட்டினார்கள். பதினெட்டு நாய்களைச் சோதித்ததில், பழகிய மொழிக்கும் பழகாத மொழிக்கும் மூளை வெவ்வேறு விதமாக இயங்கியது தெரிந்தது. இந்த முடிவு 2022-இல் அச்சேறியது. எனவே நம் நாய்க்கு மொழி மாறியது தெரியும் என்றே கொள்ளலாம். புதிய ஊரின் வாசனையும் புதிது, ஓசையும் புதிது. சில வாரங்கள் அது சோர்ந்தோ அஞ்சியோ இருந்தால் அது பிடிவாதமன்று. வீட்டில் பேசும் தமிழ் அதற்கும் ஒரு துணை. நம் முதியோர் பலரும் அயலூரில் அப்படித்தான் இருக்கிறார்கள்.

உணவுக்கு வருவோம். நாய் இறைச்சி மட்டுமே உண்ணப் பிறந்தது, சோறு அதற்கு ஆகாது என்பது தவறு. மாவுப்பொருளைச் செரிக்கும் நொதிக்குரிய மரபணு, ஓநாயைவிட நாய்க்குப் பன்மடங்கு மிகுதியாக இருப்பதை 2013-இல் சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் காட்டினார்கள். உழவரோடு வாழ்ந்து உழவர் உணவை உண்டு அது மாறியிருக்கிறது. சோறும் முட்டையும், சோறும் வேகவைத்த இறைச்சியும் நாய்க்கு ஒத்தவை. பால் பல நாய்களுக்கு வயிற்றுப்போக்கு உண்டாக்கும். வேகவைத்த கோழி எலும்பு முள்ளாகச் சிதறிக் குடலைக் கிழிக்கும்.

நம் சமையலறையில் நாய்க்கு நஞ்சாவன எவையெவை என்பதைத்தான் நாம் அறியோம். வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களை அழிப்பவை. சின்ன வெங்காயச் சாம்பாரைச் சோற்றில் பிசைந்து வைப்பது அன்பின் மிகுதியே, ஆயினும் நன்றன்று. சர்க்கரைப் பொங்கலில் மிதக்கும் உலர் திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். திராட்சையில் எப்பொருள் நஞ்சு என்பது நெடுநாள் விளங்காமல் இருந்தது. 2022-இல் அமெரிக்கக் கால்நடை மருத்துவர்கள் சிலர், புளியைத் தின்ற நாய்களுக்கும் அவ்வாறே சிறுநீரகம் பழுதுற்றதைக் கண்டு, இரண்டிலும் மிகுந்துள்ள டார்டாரிக் அமிலமே காரணமாகலாம் என்று எழுதினார்கள். பச்சிமவாகினியில் நீட்டிய புளியோதரை உருண்டையை இப்போது நினைத்துக்கொள்ளலாம். "புளிக்குழம்புச் சோற்றில் வளர்ந்து பதினான்கு வயது இருந்த நாய் எங்கள் ஊரில் உண்டே" என்று கேட்பவர் இருப்பர். உண்டுதான், அளவும் உடல்வாகும் ஒவ்வொன்றுக்கும் வேறு. எந்த நாய்க்கு எவ்வளவு தாங்கும் என்று முன்கூட்டிச் சொல்ல இயலாதபோது, உப்பும் புளியும் வெங்காயமும் சேர்க்கும் முன்பே ஒரு கவளம் சோற்றை நாய்க்கென எடுத்து வைத்துவிட்டால் வேலை முடிந்தது. சாக்லேட்டும் அவ்வாறே விலக்குக்குரியது.

இனி, எல்லாவற்றினும் பெரிய விஷயம். வெறிநாய்க் கடி.

உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 59,000 பேர் இந்நோயால் இறப்பதாகவும், அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இந்தியாவில் என்றும் மதிப்பிட்டிருக்கிறார்கள். நோய்க்குறி தோன்றியபின் பிழைத்தவர் மிக மிக அரியர். ஆனால் குறி தோன்றுமுன் முறையாக ஊசி போட்டுக்கொண்டவர் ஏறத்தாழ எல்லோரும் பிழைக்கிறார்கள். இவ்வளவு உறுதியான தடுப்பு கையிலிருந்தும் இவ்வளவு பேர் இறப்பதற்கு, தவறான எண்ணங்களே பெரும்பகுதி காரணம் என்று சொல்லத் துணிகிறோம்.

வெறிநாய் தண்ணீரைக் கண்டு அஞ்சும் என்பது முதல் தவறு. நீரைக் கண்டதும் தொண்டை இசிவு காண்பது நோயுற்ற மனிதரின் குறி. வெறிநாய் குட்டைநீரை நக்கும். வாய்க்காலை நீந்தியும் கடக்கும். ஆகவே, "தண்ணீர் குடித்ததே, வெறியில்லை" என்று நம்பினவர் பலர் ஏமாந்திருக்கிறார்கள். வெறி என்றால் நுரை தள்ளி, கண் சிவந்து, கண்டதையெல்லாம் கடிக்கும் என்பது இரண்டாவது. அமைதியாக மூலையில் முடங்கும் வெறியும் உண்டு. தாடை தளர்ந்து தொங்கி, தொண்டையில் எலும்பு சிக்கியது போலத் தோன்றும். இரக்கமுள்ள வீட்டார் வாயைத் திறந்து விரலை விட்டுத் தேடுவார்கள். அந்த எச்சில் ஒரு சிறு கீறலில் பட்டாலும் போதும். நாய்க்குட்டிக்கு வெறி இராது, வீட்டு நாய்க்கு இராது, பூனைக்கு இராது என்பனவும் இவ்வரிசையைச் சேர்ந்தவையே.

கடித்த இடத்தில் சுண்ணாம்பு, மஞ்சள், மிளகாய்த்தூள், காப்பித்தூள் அப்புவது நாடெங்கும் உள்ள பழக்கம். இவை புண்ணை எரிக்கும். நோய்க்கிருமியை ஒன்றும் செய்யா. ஆனால் சாதாரணச் சோப்பு செய்யும். அக்கிருமியின் மேலுறை கொழுப்பாலானது. சோப்பு கொழுப்பைக் கரைப்பது. ஓடும் நீரில், சோப்பிட்டு, கடிகாரத்தைப் பார்த்துப் பதினைந்து நிமிடம் கழுவவேண்டும். பதினைந்து நிமிடம் என்பது நினைப்பதைவிட நெடியது, குழந்தை அழும், இருந்தும் கழுவவேண்டும். பின்பு கட்டுப் போடாமல் மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். கிருமி நரம்பின் வழியே மெல்ல ஊர்ந்து மூளையை அடைவது. நமக்குக் கிடைக்கும் அவகாசம் அந்தப் பயணத்தின் நீளமே. பெரும்பாலோர்க்கு அது இரண்டு மூன்று மாதம். சிலர்க்கு ஒரு வாரமே. முகத்திலும் தலையிலும் விரலிலும் கடிபட்டவர்க்கு ஒரு நாளும் தாமதிக்க உரிமையில்லை.

"தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி" என்னும் அச்சம் இன்னும் பலரைத் தடுக்கிறது. அந்த அச்சத்துக்கு ஒரு காலத்தில் ஆதாரம் இருந்தது. 1902-இல் லில்லி பக்கென்ஹாம் வால்ஷ் என்ற ஆங்கிலப் பெண் வெறிநாய்க் கடியால் இறந்தபோது தென்னாட்டில் இதற்குச் சிகிச்சை நிலையமே இல்லை. வடக்கே கசௌலியில்தான் இருந்தது. அதன்பின்னரே, ஹென்றி பிப்ஸ் என்ற அமெரிக்கச் செல்வரின் நன்கொடையும் சேர, 1907-இல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் எழுந்தது. கசௌலியில் டேவிட் செம்பிள் வகுத்த முறைப்படி, ஆட்டு மூளையிலிருந்து செய்த மருந்தே பல பத்தாண்டுகள் வழங்கியது. வயிற்றில் நாள்தோறும் போடப்பட்டதும் அதுவே. இந்தியாவில் அதன் உற்பத்தி 2004-ஆம் ஆண்டின் இறுதியோடு நின்றுவிட்டது. இப்போது போடுவது கையில். நான்கு அல்லது ஐந்து தவணையில். பெரும்பாலான மாநிலங்களின் அரசு மருத்துவமனைகளில் இலவசமாக. கருவுற்ற பெண்ணுக்கும் கைக்குழந்தைக்கும் தடையில்லை, பத்தியமும் இல்லை. தோல் கிழிந்து இரத்தம் வந்த கடியாயின், ஊசியோடு, காயத்துக்குள்ளேயே செலுத்தும் எதிர்ப்புப் புரத மருந்தும் வேண்டும். அதனைக் கேட்டுப் பெறவேண்டும். கடித்த நாயைப் பத்து நாள் கவனித்துப் பார்க்கலாம் என்று சொல்வது உண்மையே. ஆனால் முதல் ஊசியைப் போட்டுக்கொண்ட பிறகு கவனிப்பதற்குரிய பத்து நாள் அது. ஊசியைத் தள்ளிப்போடுவதற்குரியதன்று.

வெளியூரில் வாழும் நமக்கு இங்கே தனியாக ஓர் இடர் உண்டு. இரண்டு தவணை போட்டபின் பொங்கல் வந்துவிடும், அல்லது ஊரில் ஒரு கலியாணம் வரும், இரயிலேறிவிடுவோம். மூன்றாம் தவணை நாள் இரயிலிலேயே கழியும். திரும்பி வந்த பிறகு, "நாய் நன்றாகத்தானே இருக்கிறது" என்று விட்டுவிடுவோம். பம்பாயில் தொடங்கிய ஊசியைத் திருநெல்வேலியில் தொடரலாம். கல்கத்தாவில் தொடங்கியதைச் சேலத்தில் முடிக்கலாம். தவணை நாள் குறித்த அட்டையைப் பயணச்சீட்டோடு சேர்த்து வைத்துக்கொள்வது ஒன்றே வேண்டுவது. ஊசி தோலுக்குள் போட்டதா தசையில் போட்டதா என்பதும் அவ்வட்டையில் எழுதியிருக்கவேண்டும். இல்லையேல் எழுதித் தரக் கேட்கவேண்டும்.

புதிதாகக் குடியேறிய பெண்கள், கணவர் வேலைக்குச் சென்றிருக்கும் நேரத்தில் குழந்தை கடிபட்டால், மருத்துவமனைச் சாளரத்தில் என்ன சொல்வது என்று தெரியாமலே மாலை வரை காத்திருப்பதுண்டு. அதற்காக இந்தச் சொற்கள். ஸ்ரீரங்கப்பட்டணத்திலும் கன்னட நாடெங்கும், "நாயி கச்சிதெ". நாய் என்னும் நம் சொல்லே அங்கும் வழங்குகிறது. ஆந்திரத்திலும் தெலங்காணத்திலும், "குக்க கரிச்சிந்தி". கேரளத்தில், "பட்டி கடிச்சு". மராட்டியத்தில், "குத்ரா சாவ்லா". தில்லியிலும் வடநாட்டுப் பிற ஊர்களிலும், "குத்தே நே காட்டா". வங்காளத்தில், "குகுர் காம்ரேச்சே". இதைச் சொல்லிக் காயத்தைக் காட்டி, கடித்த நாளையும் நேரத்தையும் எழுதிய தாளை நீட்டினால் போதும். அட்டையின் முதல் வரியை அவர்கள் எழுதிக்கொள்வார்கள்.